பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு தளத்தில் நடந்த நண்டு

மன்னார்த் தீவில் மீன் காயவைக்கச் சீமெந்துத் தளம் போட்டவர்கள் பலர் இருக்கலாம். வெடிப்பே விழாத தளம் ஒன்றுதான் உண்டு. அது என்னுடையது.

ஊரோடு விரட்டப்பட்டு நெடுங்காலம் அகதியாக இருந்த புத்தளத்திலிருந்து ஊர் திரும்பியபோது என்னிடம் இருந்தவை ஒரு பழைய சைக்கிளும் ஐந்தாம் வகுப்புப் படிப்பும்தான். மணலுக்கு மேலே சீமெந்து போட்டால் முதல் மாரியிலேயே பிளக்கும் என்று படித்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நான் ஒரே பாளமாகப் போடவில்லை. சதுரம் சதுரமாக வார்த்து, ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே விரலகலம் இடைவெளி விட்டேன். வெயிலில் சீமெந்து விரியும், விரிய அதற்கு இடம் வேண்டும் என்று எந்த இஞ்சினியரும் வந்து எனக்குச் சொல்லித் தரவில்லை. நெடுக்கே பன்னிரண்டு சதுரம், குறுக்கே பன்னிரண்டு சதுரம். விருப்பமானவர்கள் வந்து முழங்காலில் இருந்து தேடிப் பார்க்கலாம், வெடிப்பு கிடைக்காது.

அந்தத் தளத்தில் ஒருமுறை இரண்டு நாள் மீனுக்குப் பதிலாக வேறொன்றை நடக்க விட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இந்தத் தீவில் வேறு எவனும் அதைச் செய்யவில்லை என்பதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் அடம்பன் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் கணிதம் படிப்பிக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தாள். ஒரு நாள் பின்னேரம் அவளுடைய போனை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். கட்டம் போட்ட திரையில் கறுப்புப் புள்ளிகள் ஓடித் திரிந்தன.

"என்ன மகள், எறும்போ?"

"இல்லை வாப்பா. ஒரு விளையாட்டு. ஆனா விளையாட ஆள் தேவையில்லை. துவக்கத்திலை புள்ளியளை வைச்சு விட்டாப் போதும், பிறகு தானாப் போகும்."

"ஆள் இல்லாட்டி ஆர் வெல்லுறது?"

"ஒருத்தரும் வெல்லுறேல்லை. சும்மா பாருங்கோ."

சும்மா பார்க்கிற ஆள் நானில்லை. சட்டத்தைச் சொல்லு என்றேன். சொன்னாள். ஒவ்வொரு சதுரத்துக்கும் எட்டு அயல்: நாலு பக்கமும் நாலு, மூலைக்கு மூலை நாலு. ஒரு சதுரத்தில் ஆள், அதாவது புள்ளி, இருக்கும், இல்லாவிட்டால் அது வெறுமையாக இருக்கும். ஆள் இருக்கிற சதுரத்துக்கு அயலில் இரண்டு பேரோ மூன்று பேரோ இருந்தால் அந்த ஆள் தப்பும். அதற்குக் குறைந்தால் தனிமையில் சாகும். கூடினால் நெருக்கடியில் சாகும். வெறும் சதுரத்தைச் சுற்றிச் சரியாக மூன்று பேர் இருந்தால் அங்கே புதிதாக ஒன்று பிறக்கும். அவ்வளவுதான். அதற்கு மேல் சட்டம் இல்லை.

எனக்கு ஒரே தரத்தில் விளங்கியது. தன்னுடைய வகுப்புப் பிள்ளைகளுக்கு விளங்க இரண்டு பாட நேரம் எடுத்ததாக மகளே சொன்னாள்.

பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினாள். நாலு புள்ளியைச் சதுரமாக வைத்தால் அது எந்தக் காலமும் அப்படியே குந்தியிருக்கும். மூன்றை வரிசையாக வைத்தால் படுக்கும், நிமிரும், படுக்கும், நிமிரும், அலுப்பே இல்லை. கண்டபடி ஒரு பிடி அள்ளிப் போட்டால் கல்யாண வீடு மாதிரி அமளிப்பட்டு, கடைசியில் அங்கொன்று இங்கொன்றாக நாலு நாலு பேர் மிஞ்சியிருப்பார்கள்.

"பிறக்கிறதுக்கு மூண்டு பேர் ஏன்? ரெண்டு பேர் காணாதோ?" என்று கேட்டேன். நியாயமான கேள்வி.

மகள் சிரித்துக்கொண்டே சட்டத்தை மாற்றி விட்டாள். ஐயோ! திரை முழுக்க ஒரு நொடியில் இலையான் மொய்த்த மாதிரி ஆகிவிட்டது. நாலு பேர் வேண்டும் என்று மாற்றினோம். கொஞ்ச நேரம் துடித்துவிட்டு எல்லாம் ஒடுங்கிப் போயின. ஒரு எண்ணைத்தான் மாற்றினோம். மூன்றில்தான் சமாச்சாரம் நிற்கிறது. நானே பரிசோதித்துக் கண்டது இது.

கடைசியாகத்தான் அந்த ஐந்து புள்ளியைக் காட்டினாள். கீழே மூன்று வரிசையாக, அதற்கு மேலே வலப்பக்கம் ஒன்று, அதற்கும் மேலே நடுவில் ஒன்று. அதை விட்டால் நெளிந்து நெளிந்து, நாலு தரம் மாறியதும் பழைய உருவத்துக்கே வந்து, ஒரு சதுரம் சாய்வாகத் தள்ளி நிற்கும். மேல் மூலையிலிருந்து கீழ் மூலைப் பக்கம், சாய்வாக, நண்டு மாதிரி. அதற்கு ஆங்கிலத்தில் ஏதோ பெயர் சொன்னாள். நான் நண்டு என்றே வைத்துக்கொண்டேன்.

"வாப்பா, இதிலை ஒரு புள்ளியும் இடம் மாறேல்லை. சிலது சாகுது, சிலது பிறக்குது. ஆனா உருவம் நடந்து போகுது."

"எங்கடை ஊர் மாதிரி," என்றேன். "போன ஆக்கள் எல்லாரும் திரும்பி வரேல்லை. வந்ததிலை பாதி அங்கை பிறந்த பிள்ளையள். ஆனா ஊர் வந்து சேர்ந்திட்டுது."

மகள் கோப்பையை என் பக்கம் தள்ளினாள். பிறகு, "தேத்தண்ணி ஆறுது வாப்பா," என்றாள்.

அடுத்த நாள் காலை தேத்தண்ணிக் கடையில் இதைச் சொன்னேன். சொல்லாமல் இருப்பேனா? அங்கே என் மனைவியின் தமையன் இருந்தான். ஓய்வு பெற்ற அதிபர். ஊரில் எல்லோருக்கும் அவன் பிரின்சிப்பல் சேர், எனக்கு மச்சான். பத்திரிகை வாசித்தால் பேனையை எடுத்து அதில் எழுத்துப்பிழை திருத்துகிற ஆள்.

"அது கணிதம் மச்சான்," என்றான். "மீனில்லை."

"என்ரை தளமும் கட்டம்தான், உன்ரை கணிதமும் கட்டம்தான். ஆளிருக்கிற சதுரத்திலை மீன் கூடையைக் கவிழ்த்து வைச்சா நண்டு நடக்கும்."

"கொம்பியூட்டர் செக்கனுக்கு ஆயிரம் கணக்குப் பார்க்கும். உன்ரை தளத்திலை அது நாலு சதுரமும் தாண்டாது."

"நாலோ? மூலையிலேயிருந்து எதிர் மூலைக்குப் போகும். போய்த் திரும்பியும் வரும்."

திரும்பி வரும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நாக்கு தானாகச் சொன்னது. சொன்னது சொன்னதுதான்.

மச்சான் பத்திரிகையை மடித்தான். "பந்தயமோ?"

"பந்தயம்."

காசு வைத்துப் பந்தயம் கட்ட மார்க்கத்தில் இடமில்லை. அதனால் அவன் வேறொன்று சொன்னான். யார் சொன்னது பொய்க்கிறதோ, அவன் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, இதே கடையில் எழும்பி நின்று, எல்லோருக்கும் கேட்க "நான் சொன்னது பிழை" என்று சொல்ல வேண்டும்.

கடை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மற்றவர்களுக்கு அது மூன்று சொல். நான் அந்த மூன்று சொல்லையும் வாழ்க்கையில் ஒருமுறைகூடச் சேர்த்துச் சொன்னதில்லை. படிப்பில்லாதவன் ஒருமுறை பிழை என்று சொன்னால், அதற்குப் பிறகு அவன் சொல்லுகிறதெல்லாம் பிழையாகத்தான் தெரியும். மீன் வாங்குகிற லொறிக்காரனும் அரசாங்கக் கந்தோர்க்காரனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். நான் நிமிர்ந்து நின்றதே அந்தச் சொல்லைச் சொல்லாமல் நின்றதால்தான். சரி என்று கைகொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அன்று புதன், வெள்ளிக்கு முன் இரண்டு நாள்தான் இருந்தது.

அப்போது நிலவுக் காலம். நிலவு வெளிச்சத்தில் வலையை மீன் கண்டுகொள்ளும், பிடிபாடு குறைவு, தளம் வெறுமையாகக் கிடக்கும். ஓலைத்தொடுவாயிலிருந்து என்னிடம் வேலைக்கு வருகிற ஏழு பெண்களும் அந்த நாட்களில் கூடை கழுவுவார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒருத்தி. கைச் சுறுசுறுப்பும் வாய்ச் சுறுசுறுப்பும் ஒரே அளவு. நான் அவளைத் தங்கச்சி என்பேன்.

ஐந்து கூடையை மேல் மூலையில் கவிழ்த்தேன். சட்டத்தைப் பெண்களுக்குச் சொன்னேன். பிறகு நானே இறங்கினேன்.

மீன் பிரட்டுகிற முறை ஒன்று இருக்கிறது. ஒரு மூலையில் தொடங்கி வரிசை வரிசையாகப் போக வேண்டும். கை பட்ட மீனை அப்போதே பிரட்ட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. இத்தனை வருடமும் என் கை அப்படித்தான் பழகியது. நண்டையும் அப்படியே பிரட்டினேன். முதல் சதுரம், எண்ணினேன், மாற்றினேன். அடுத்த சதுரம், எண்ணினேன், மாற்றினேன். தளம் முடிய ஐந்து கூடை மூன்றாகிவிட்டது. இன்னொரு தரம் போனேன். மூன்று நாலானது, சதுரமாக ஒட்டிக்கொண்டு குந்திவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை தரம் போனாலும் ஆடவில்லை, அசையவில்லை.

மறுபடி முதலிலிருந்து. அதே நாலு கூடை. மூன்றாம் தரமும் அதே நாலு கூடை.

"போன் பிழை," என்றேன் மகளிடம்.

"போன் சரி வாப்பா. எல்லாச் சதுரமும் ஒரே நேரத்திலை மாற வேணும். நீங்கள் ஒண்டை மாத்திப்போட்டு, மாத்தினதைப் பார்த்து அடுத்ததை எண்ணுறியள்."

"நூற்றுச் சொச்சம் சதுரத்தையும் ஒரே நேரத்திலை மாத்த எனக்கென்ன ஆயிரம் கையோ?"

தங்கச்சி கழுவிய கூடையை உதறிக்கொண்டே சொன்னாள்: "முதலாளி, நீங்கள் மீன் பிரட்டுறியள். இது மழைக்கு வலை தூக்குற வேலையெல்லோ?"

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் மீனைத் தளத்தில் வலை விரித்து அதற்கு மேலேதான் போடுவோம். மழை இருட்டினால் பெண்கள் ஓடிப்போய் வலையைச் சுற்றி நிற்பார்கள். ஒருத்தி முந்தித் தூக்கினால் மீன் எல்லாம் எதிர்ப்பக்கம் சரிந்து கொட்டிவிடும். அதனால் எல்லோரும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். நான் "தூக்கு!" என்று கத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் எல்லாக் கையும் ஒன்றாக எழும்பும்.

ஒரே நேரத்தில் மாறுகிற வித்தையை இந்தத் தளத்தில் நாங்கள் எத்தனையோ மாரியாகச் செய்துவருகிறோம். மகளும் போனும் வருவதற்கு முன்னமே. அந்தக் கத்துகிற முறையைப் பழக்கியவன் நான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சியும் நானும் ஒழுங்கு செய்தோம். முதலில் எண்ணுகிறது மட்டும். பிறக்கப் போகிற சதுரத்தில் ஒரு பிடி உப்பு வைப்பது. சாகப் போகிற கூடைக்கு மேலே ஒரு தேங்காய்ச் சிரட்டை வைப்பது. ஒருவரும் ஒரு கூடையையும் தொடக் கூடாது. எல்லோரும் எண்ணி முடித்த பிறகு நான் "தூக்கு!" என்பேன். சிரட்டை வைத்த கூடை எழும்பும், உப்பு வைத்த இடத்தில் கூடை குந்தும். முதல் தூக்கு, இரண்டாம் தூக்கு, மூன்றாம் தூக்கு. நாலாவது தூக்கில் அதே நண்டு, ஒரு சதுரம் சாய்வாகத் தள்ளி நின்றது. பெண்கள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. எனக்கு முதலே தெரியும்.

வியாழக்கிழமை காலை மச்சான் வந்தான். ஒரு குடை, ஒரு கொப்பி, இரண்டு பேனை. தளத்தின் ஓரத்தில் அவனுக்குக் கதிரை போட்டேன். வந்ததும் முதல் சொன்னது, "போன் கைப்பைக்குள்ளை போக வேணும் மருமகள். ஒரு சதுரமும் சொல்லிக் குடுக்கப்படாது."

"சரி மாமா," என்று மகள் போனை உள்ளே வைத்தாள்.

ஐந்து கூடையையும் மறுபடி மேல் மூலையில் வைத்துத் தொடங்கினோம். எண்ணுகிறது, உப்பு, சிரட்டை, தூக்கு. எண்ணுகிறது, உப்பு, சிரட்டை, தூக்கு. மச்சான் ஒவ்வொரு தூக்குக்கும் கொப்பியில் கட்டம் கீறிப் புள்ளி வைத்தான். பதினாறாவது தூக்கில் நண்டு நாலு சதுரம் போயிருந்தது. இருபதாவதில் ஐந்து.

"சேர், நாலு தாண்டியாச்சு!" என்று ஒருத்தி கத்தினாள்.

மச்சான் கதிரையைத் தூக்கிக்கொண்டு நண்டுக்குப் பக்கத்தில் வந்து போட்டான்.

இருபத்திரண்டாவதற்கு எண்ணி முடித்து, நான் வாயைத் திறக்கப் போன நேரம், வேலி இடைவெளியால் ஒரு கழுதை உள்ளே வந்தது. எங்கள் தீவில் கழுதைக்கு எந்த வளவும் தன் வளவுதான். நேரே வந்தது, குனிந்தது, ஒரு சதுரத்தில் வைத்த உப்பை நக்கத் தொடங்கியது.

"ஐயோ மாதாவே, பிறக்கப் போற பிள்ளையை நக்கிப்போட்டுது!" என்று பெண்களில் ஒருத்தி அலறினாள்.

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டு ஓடினேன். கழுதை இன்னொரு சதுரத்து உப்பையும் நக்கிவிட்டுத்தான் போனது.

மச்சான் எழும்பிவிட்டான். "முடிஞ்சுது. எல்லாம் குழம்பிப் போச்சு. இனி எங்கை எது எண்டு ஆருக்குத் தெரியும்?"

கடையில் நான் எழும்பி நிற்கிற காட்சி அப்படியே கண்ணுக்குள் வந்தது.

"இருங்கோ சேர்," என்றாள் தங்கச்சி. "ஒரு கூடையும் அசையேல்லை. உப்புத்தானே போனது? கூடையைப் பார்த்துத் திருப்பி எண்ணினா அதே உப்பு வரும்."

மச்சான் கூடைகளைப் பார்த்தான், கொப்பியைப் பார்த்தான். படித்தவன், மறுக்க முடியாது. மெல்ல இருந்தான். பெண்கள் திருப்பி எண்ணினார்கள், உப்பு வைத்தார்கள், தூக்கினார்கள். இருபத்து நாலாவதில் நண்டு முழு உருவத்தில் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. முப்பதாவதுக்குக் கிட்ட மச்சான் கொப்பியை மறந்துவிட்டான். குடையை நீட்டி நீட்டி, "இஞ்சை மூண்டு பேர் நிக்கினம் பிள்ளை, உப்பு வை! அந்தக் கூடைக்கு ஒருத்தர்தான், சிரட்டை, சிரட்டை!" என்று கத்துகிறான். தன்னுடைய தோல்விக்குத் தானே நின்று வேலை செய்கிறான். நான் அதை ஞாபகப்படுத்தப் போகவில்லை.

முப்பத்தாறாவது தூக்கு. நண்டு எதிர் மூலையில், கடைசிச் சதுரத்தைத் தொட்டுக்கொண்டு முழுதாக நின்றது. பெண்கள் குரவை இட்டார்கள். மகள் என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

"இனித் திரும்பும்," என்றேன்.

முப்பத்தேழு: ஐந்து கூடை நாலானது. முப்பத்தெட்டு: மூன்று. முப்பத்தொன்பது: நாலு, மூலையோடு ஒட்டிச் சதுரமாக. நாற்பதாவதுக்கு எண்ணிப் பார்த்தார்கள். உப்பும் இல்லை, சிரட்டையும் இல்லை. "தூக்கு!" என்றேன். ஒருவரும் குனியவில்லை. தூக்க ஒன்றுமில்லை.

"திரும்பேல்லை மச்சான்," என்றான் மச்சான் மெதுவாக.

"எண்ணினது பிழைச்சிருக்கும்."

"நானுமெல்லோ எண்ணினனான்."

மகள் போனை வெளியே எடுத்து, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டில் எல்லை போட்டு ஓட விட்டாள். அங்கேயும் அதே நாலு, அதே மூலை.

"தளத்துக்கு அங்காலை சதுரம் இல்லைத்தானே வாப்பா. அந்தப் பக்கத்திலை ஒண்டும் பிறக்க ஏலாது. இடம் இருந்திருந்தா இப்பிடியே போய்க்கொண்டுதான் இருக்கும். ஆனா திரும்பாது. எந்தக் காலமும் திரும்பாது."

"முதலாளி," என்றாள் தங்கச்சி, "இந்த நாலு கூடையும் இனி எவ்வளவு காலத்துக்கு?"

"உலகம் முடியுமட்டும்," என்றாள் மகள்.

"அப்ப நாளையிண்டைக்கு மீனை எதிலை போடுறது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நாலையும் அள்ளிக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. கடையில் இருக்க இடமில்லை. வழக்கமாக வராத ஆட்களும் வந்திருந்தார்கள். மகள் தீர்ப்பைச் சொல்லி அனுப்பியிருந்தாள்: நாலு சதுரம் தாண்டாது என்ற மாமா சொன்னது பிழை, திரும்பி வரும் என்ற வாப்பா சொன்னதும் பிழை.

மச்சான் முதலில் எழும்பினான். தேத்தண்ணிக் கோப்பைக்குள் பேசுகிற மாதிரி, "நான் சொன்னது பிழை," என்றான். பின்னால் நின்றவர்கள் கேட்கவில்லை என்று கத்த, இன்னொரு தரம் சொல்லிவிட்டு இருந்தான். முப்பது வருடம் பிள்ளைகளைப் பிழை பிழை என்ற வாய், அதற்கு அவ்வளவு கஷ்டம்.

நான் எழும்பினேன். இருந்த மர வாங்கில் ஏறி நின்றேன். தளத்தில் மழைக்குக் கத்துகிற குரல் எனக்கு இருக்கிறது, அந்தக் குரலில், "நான் சொன்னது பிழை!" என்றேன். றோட்டுக்கு அந்தப் பக்கம் மரக்கறி விற்றுக்கொண்டிருந்தவன் தராசோடு திரும்பிப் பார்த்தான். ஒரு தரம் என்றுதான் பேச்சு. நான் மூன்று தரம் சொன்னேன். மன்னார்த் தீவில் அந்த மூன்று சொல்லை அவ்வளவு துப்புரவாக இதற்கு முன் எவனும் சொல்லியிருக்க மாட்டான். கடை முழுக்கக் கைதட்டியது. மச்சானுக்கு ஒருவரும் தட்டவில்லை.

சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். எனக்கு முன்னமே செய்தி வந்திருந்தது. மனைவி சோற்றைப் போடாமல் வாசலில் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, கடையிலை மூண்டு தரம் சொன்னியளாம்?"

"ஓம். நல்லாச் சொன்னனான்."

"அப்ப சொல்ல வரும்."

"வராமல் என்ன?"

"எனக்கும் நீங்கள் அப்பிடிச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கு," என்று ஒரு கதிரையை இழுத்து எனக்கு எதிரே போட்டு இருந்தாள். "கலியாணம் முடிச்ச கிழமையிலேயிருந்து துவங்குவம்."